மூன்று குப்பி ரவை

துலூஸ்
14 அக்டோபர் 2012

என் அருமை வாமதேவா,

நீயும் கோசலையும் சுகமாக இருக்க வேண்டும். இனிமேல் போன் வேண்டாம் என்று மகள் மெலிசா மூலம் சொல்லி அனுப்பியதற்குக் கோபித்துக்கொண்டாயாம். இளவயதில் ராணுவத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது இது. போனில் நீ பேசினால் லாரி போகிற சத்தம்தான் கேட்கிறது. கடிதத்தில் உன் குரல் சுத்தமாகக் கேட்கும். எழுது.

என் மனைவி ஜெனவியேவ் போய்ச் சேர்ந்த பிறகு, பாரிஸ் பக்கத்து எபினே வீட்டைக் காலி செய்து இங்கே மகளோடு வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. மருமகன் தியரி தங்கமான பையன். கார் கொட்டகையில் பாதியை ஒழித்து, என் காற்றுத் துப்பாக்கிக்குப் பத்து மீட்டர் இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறான். எதற்கும் குறைவில்லை, சனிக்கிழமைதான் இல்லை. கிளப்பின் நிலவறையில் சுட்டுவிட்டு ரயிலேறி உன் கடைத் தெருவுக்கு வந்து, இடியப்பத் தட்டுக்கு நடுவே இலக்கு அட்டைகளைப் பரப்பி வைத்துச் சண்டை போடுவோமே. அந்தச் சனிக்கிழமை எனக்கு வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ப்ளோம், அதாவது நீங்கள் ரவை என்று சொல்கிற ஈயக் குண்டு, கெட்டுப்போய்விட்டது. நம் பழைய ஜெர்மன் டப்பாவும் சிதறுகிறது, செக் டப்பாவும் சிதறுகிறது. அட்டைகளை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார். தொழிற்சாலையில் அச்சை மாற்றிவிட்டார்கள் போல. துப்பாக்கியைத் தலையணை மேல் வைத்துச் சுட்டால்தான் ரவையின் குணம் தெரியும் என்கிறான் தியரி. தலையணை தூங்குவதற்கு என்று சொல்லிவிட்டேன். கிளப்பில் மேசையில் மூட்டை வைத்துச் சாய்த்துச் சுடுகிறவர்களுக்கு நாம் வைத்த பெயரை மறந்திருக்க மாட்டாய். தொட்டில் வரிசை.

மே மாதம் பழைய அங்கத்தினர் போட்டி. நான் வருகிறேன். எப்போதும் போல நின்றுதான் சுடுவேன். தலைவர் பெர்னார் இருபது வருஷமாக என்னிடம் தோற்றவன், அவன் முன்னால் கேவலப்பட முடியாது. அதனால் நம் வழக்கப்படி செய். மூன்று வகை ரவை வாங்கி, பெயர் தெரியாமல் குப்பிகளில் போட்டு, அ, ஆ, இ என்று மட்டும் எழுதி அனுப்பு. டப்பாவின் பெயர் தெரிந்துவிட்டால் மனசு முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

உன்
ரொபேர்


லா சப்பல், பாரிஸ்
25 நவம்பர் 2012

அன்புள்ள ரொபேர் அண்ணை,

இங்கே நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கோசலை அம்மனிடம் தினமும் கேட்கிறாள், நான் கடிதத்தில் கேட்கிறேன்.

நீங்கள் போன பிறகு கிளப் பக்கம் நான் போகவே இல்லை. "துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுசன், இஞ்சை காசு குடுத்துத் துவக்குப் பிடிக்குது" என்று இத்தனை வருஷமும் என்னை நக்கலடித்த கோசலை இப்போது மாறிவிட்டாள். "சனிக்கிழமையிலையும் கடைக்குள்ளை நிண்டு என்ரை உயிரை எடுக்கிறியள். ஒருக்காப் போய்ச் சுட்டிட்டு வாங்கோவன்" என்கிறாள். உங்கள் அட்டைகள் வந்த கிழமை போனேன். உங்கள் இடத்தில் யாரோ ஒரு பெடியன் நின்றான். எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்ட மூன்று குப்பிகளும் இதோடு வருகின்றன. கோசலையின் மாத்திரைக் குப்பிகள்தான், கழுவிக் காயவைத்தவை. ஏலக்காய் நிறுக்கிற தராசில் ஒவ்வொரு ரவையாக நிறுத்து, பாவாடை நசுங்கியவற்றை எறிந்துவிட்டேன். ரவையின் பின்பக்க விளிம்புக்குப் பாவாடை என்று பெயர் என்று நீங்கள் முதல் நாள் சொன்னதும், கோசலை என்னை ஒரு மாதிரிப் பார்த்ததும் நினைவு வந்து தனியே இருந்து சிரித்தேன்.

எந்தக் குப்பியில் என்ன என்பதை உங்கள் அட்டைகள் வந்த பிறகு சொல்கிறேன். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை மெலிசாவிடம் கொடுத்துவிடாதீர்கள், அவள் உப்பு என்று எறிந்துவிடுவாள்.

உங்கள் அன்புத் தம்பி
வாமதேவன்


துலூஸ்
20 டிசம்பர் 2012

என் அருமை வாமதேவா,

ஊறுகாயை என் அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கோசலைக்கு என் முத்தம் என்று சொல், கோபித்துக்கொள்ளட்டும்.

சோதனை முடிந்தது. அ ராஜா. காலையில் காபி குடித்துவிட்டுச் சுட்டேன், ஐந்து ஓட்டையையும் ஒரு சின்னக் காசால் மூடலாம். ஆ குப்பை. அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுட்டேன், டீக் கோப்பையின் வாய்தான் மூடியது. இ அதைவிடக் கேவலம். விளக்குப் போட்டபின் சுட்டேன், இரண்டு ரவை அட்டையைத் தாண்டித் தியரியின் சைக்கிள் பையில் போய் ஏறிவிட்டன. இப்படி ஒரு ரவையைக் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்களே.

அ எந்த டப்பா என்று உடனே எழுது. மே மாதத்துக்கு இரண்டு டப்பா வாங்கி வைக்க வேண்டும். பெர்னாரின் முகம் போகிற போக்கை நினைத்தாலே எனக்கு இளமை திரும்புகிறது.

உங்கள் இருவருக்கும் நத்தார்ப் பண்டிகை வாழ்த்து.

உன்
ரொபேர்


லா சப்பல், பாரிஸ்
18 ஜனவரி 2013

அன்புள்ள ரொபேர் அண்ணை,

இந்தக் கடிதத்தை ஓரிடத்தில் இருந்து வாசியுங்கள்.

மூன்று குப்பியிலும் ஒரே ரவைதான் அண்ணை. ஒரே ஜெர்மன் டப்பா, நாங்கள் இருவரும் வருஷக்கணக்காகச் சுட்டது. உங்கள் முதல் அட்டைகள் வந்ததும் அதே டப்பாக்களை வாங்கிக் கிளப்பில் நானும் சுட்டுப் பார்த்தேன். எதுவும் சிதறவில்லை. அதுதான் இப்படிச் செய்தேன். காலையில் சேருவதும் பின்னேரத்தில் சிதறுவதும் ரவை இல்லை, உங்கள் கை. உங்கள் எழுத்தும் எறும்பு மாதிரிச் சிறுத்துக்கொண்டு வருகிறது. கோசலைதான் அதை முதலில் கண்டாள். தயவுசெய்து டொக்டரிடம் போங்கள்.

எழுதாமல் விட்டிருக்கலாம். அ என்பது ஜெர்மன் டப்பா என்று மட்டும் எழுதினால் பொய்யும் இல்லை, நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஆனால் மே மாதம் எல்லாருக்கும் முன்னால் நின்று அதைக் கண்டுபிடிப்பீர்கள். அதை நினைத்தால் எனக்கு நித்திரை வரவில்லை.

2009 வைகாசியில், ஊரிலிருந்து தகவல் வராத நாட்களில், கடைக்கு வந்த சனம் முழுக்க எனக்கு ஆறுதல் சொன்னது. என் தம்பி கரிகாலன் எப்படியும் வந்துவிடுவான் என்றார்கள். அவன் இல்லை என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், கோசலைக்கும் தெரியும், ஒருவருக்கும் வாய் வரவில்லை. நீங்கள்தான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்து, அவன் இனி வரமாட்டான் என்று சொன்னீர்கள். அன்றைக்கு உங்களை வெறுத்தேன். பிறகு இந்த உலகத்தில் நான் நம்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றாகிவிட்டது. அந்தக் கடனுக்காக இல்லை அண்ணை, அந்த நம்பிக்கைக்காக எழுதுகிறேன்.

தனிப் பொதியில் கடையிலிருந்து ஐந்து கிலோ சம்பா அரிசி அனுப்பியிருக்கிறேன். மூட்டையைப் பிரிக்காமல் மேசையில் வைத்து, துவக்கை அதன்மேல் சாய்த்து ஒருமுறை சுட்டுப் பாருங்கள். மனம் வராவிட்டால் சோறாக்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி
வாமதேவன்


லா சப்பல், பாரிஸ்
10 மார்ச் 2013

அன்புள்ள ரொபேர் அண்ணை,

கடிதம் கிடைத்ததா என்று கேட்கமாட்டேன், கிடைத்திருக்கும். தபால்காரர் மணியடிக்கும்போது கோசலை எனக்கு முன்னால் ஓடுகிறாள்.

கிளப்புக்குப் போனேன். போட்டிக்கு நீங்கள் பெயர் கொடுப்பீர்களா என்று பெர்னார் என்னிடம் கேட்டார். அதை அண்ணையே எழுதுவார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

என்னோடு கோபமாகவே இருங்கள். ஆனால் ஏசியாவது இரண்டு வரி போடுங்கள்.

வாமதேவன்


துலூஸ்
21 ஏப்ரல் 2013

என் அருமை வாமதேவா,

உன் கடிதத்தைக் கிழித்தேன். கிழித்த துண்டுகளைப் பொறுக்கி மறுபடி படித்தேன். உன்னைப் பச்சைத் துரோகி என்று திட்டிக்கொண்டே ஊறுகாயைத் தின்று தீர்த்தேன். சோதித்தது ரவையை இல்லை, என்னை என்பதுதான் சுட்டது.

பிறகு மெலிசாவைக் கூப்பிட்டு, என் கை நடுங்குகிறதா என்று கேட்டேன். அவள் அழுதாள். போன கோடையிலேயே பார்த்திருக்கிறாள். தியரி தலையணையைச் சொன்னதும் அதனால்தான். வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது, அப்பாவுக்குத்தான் தெரியவில்லை. டொக்டரிடம் போனோம். வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை எழுதப் பிடிக்கவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வியாதி நிற்காது, ஆனால் மெல்லத்தான் நடக்கும் என்றார்கள்.

அரிசி மூட்டையை மெலிசா பிரிக்கப் போனாள், தொடாதே என்றேன். அது மூலையில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு எல்லாரும் பூசைக்குப் போன பிறகு, கொட்டகைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு அதை மேசையில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது. அ ஐந்து, ஆ ஐந்து, இ ஐந்து. மூன்று அட்டையும் இதோடு வருகின்றன, ஒவ்வொன்றையும் ஒரு கொண்டைக்கடலையால் மூடலாம். ரவையில் பிழை இல்லை. துப்பாக்கியிலும் இல்லை. கண்ணிலும் இல்லையடா, கண் இன்னும் அப்படியே இருக்கிறது. மூட்டை மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே.

பெர்னாருக்கு எழுதிவிட்டேன், தொட்டில் வரிசையில் என் பெயரைப் போடச் சொல்லி. சிரிக்கட்டும். நின்று சுடுகிற இடத்தில் நீ நில், வேறு பெடியன் யாரும் நிற்கக் கூடாது. மூட்டையை ரயிலில் நானே தூக்கி வருகிறேன்.

சனிக்கிழமை போட்டி முடிந்ததும் வழக்கமான இடத்துக்குப் போவோம். இடியப்பத்தை நானே பிய்த்துக்கொள்வேன். சொதி ஊற்றுவது மட்டும் இனி உன் வேலை. நான் ஊற்றினால் அட்டையெல்லாம் நனைந்துவிடும்.

உன்
ரொபேர்