பனி என்று எழுது

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இரண்டு நாய்களும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். தையல் வேலை கழுத்துவரை இருப்பதால் எழுதுவதை இவளிடம் விட்டுவிட்டேன், எழுத்துப்பிழையெல்லாம் அவளுடையது, புத்திமதியெல்லாம் என்னுடையது, இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடச் சீருடை இந்த வருடமும் நமக்குத்தான் வந்தது, தைத்து முடித்தாயிற்று, பொத்தான்தான் பாக்கி. மேனேஜர் நீ இருந்தபோது போலவே முன்னால் போய் ஒவ்வொரு கல்லையும் மோந்து சோதனை போட்ட பிறகுதான் நம்மை நடக்க விடுகிறான், பியூன் வாலாட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்கிறான். இலை உதிர ஆரம்பித்துவிட்டது, காலையில் இவர்களோடு மலையேறும்போது காலடியில் சருகு சரசரக்கிறது, வெயில் இதமாகக் கன்னத்தில் படுகிறது, ஆனால் ஒரே பனி, இந்த வருடம்போல் நான் பார்த்ததே இல்லை, மதியம்வரை கலைய மாட்டேன் என்கிறது. உன் பயிற்சி முடிய நாலு மாதம்தானே இருக்கிறது, நடுவில் லீவு போட்டால் வேலை நிரந்தரமாகாது என்று நீயே சொன்னாய், அதனால் நல்லது கெட்டது எதற்கும் ஓடி வராதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. இத்துடன் வரும் கோட்டை அலமாரியில் அழகுக்கு மாட்டி வைக்காமல் போட்டுக்கொள், உள்பையில் நூல் துருத்திக்கொண்டிருந்தால் இழுக்காதே, கத்தரியால் வெட்டு. நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்

அக்கா, இது நான். மேலே இருப்பது அம்மா சொன்னது, இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் பக்கத்து அறையில் தூங்குகிறாள், நான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டிருக்கிறேன், பியூன் தரையில் வாலை டப்டப்பென்று அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது. போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, பகலில் நீ கூப்பிட்டாலும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான் இப்படி.

பனி இல்லை அக்கா. புறப்படும்போது கொஞ்சம் இருக்கிறது, வெயில் அதில் பால் கலந்ததுபோல் மங்கலாக விழுகிறது, பாதி மலை ஏறுவதற்குள் கலைந்துவிடுகிறது. இன்று காலை உச்சிப் பாறையில் நின்றால் கீழே நம் தெரு முழுக்கத் தெரிந்தது, மாடியில் காயப்போட்ட மஞ்சள் போர்வைகூடத் தெரிந்தது. அம்மா, நம்ம போர்வை கொடியிலேருந்து நழுவுது பாரேன் என்றேன். "போடி, இந்தப் பனியில ஆகாசமே தெரியல, இவளுக்குப் போர்வை தெரியுதாம்" என்று சிரித்துக்கொண்டே பள்ளத்துப் பக்கம் நடந்தாள். நான் கத்துவதற்குள் மேனேஜர் பாய்ந்து போய் அவள் காலுக்குக் குறுக்கே படுத்துவிட்டான். தடுக்கி முழங்காலில் விழுந்தவள், "சனியனே, படுக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா" என்று திட்டிக்கொண்டே கையை ஊன்ற முன்னால் நீட்டினாள். அங்கே தரை இல்லை. அப்புறம் திட்டவில்லை, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அழுததும், "அழாதடி, எனக்குத் தெரியாமலா இருக்கும்? உங்கக்காவுக்குப் பனின்னே எழுது. விஷயம் தெரிஞ்சா வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிப்பா" என்று சொல்லி, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள். உன் கோட்டுப் பொத்தான்களும் நான் தைத்ததுதான், ஒன்று கோணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

பள்ளிக்கூடத்து நர்ஸம்மாவிடம் யாருக்கோ மாதிரி கேட்டேன். "பனி மாதிரி தெரியுதுன்னா பெரும்பாலும் கண்ணுல புரையாத்தான் இருக்கும், அப்படின்னா சின்ன ஆபரேஷன்தான், எடுத்துட்டா பளிச்சுன்னு தெரியும், ஆனா டாக்டர் பார்க்கணும், தள்ளிப் போடக் கூடாது" என்றார். அம்மாவிடம் டாக்டர் என்று ஆரம்பித்தாலே "பெரிய மனுஷி வந்துட்டா" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். வந்துவிடாதே அக்கா, வந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். போனிலேயே அதட்டு, டாக்டரிடம் போகாவிட்டால்தான் கிளம்பி வருவேன் என்று மிரட்டு, உடனே செருப்பை மாட்டிவிடுவாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்னைச் சொல்லாதே, கையெழுத்தைச் சொல். மேலே பார், அதை மட்டும் தானே போடுகிறேன் என்று பேனாவை வாங்கிய அம்மா தாளைத் தாண்டிப் போய்விட்டாள். உன்னிடம் வந்திருப்பது 'அம்' மட்டும்தான், 'மா' இங்கே மேசைமேல் இருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

நாளைக்கு மலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிப் பிடித்துக்கொள்வேன், அது பொய்யும் இல்லை. நீ ஈரத் தலையோடு வெளியே போகாதே. மேசைமேல் இருக்கும் 'மா'வை நான் துடைக்கப் போவதில்லை. கண் சரியாகி வீட்டுக்கு வந்ததும் யாருடி மேசையில கிறுக்கினது என்று அம்மா கத்துவாள், அந்தத் திட்டுக்காக அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை