சுங்க அதிகாரி எடுத்த படம்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ஜெனித்தா வணக்கத்துடன் எழுதுவது. நம்மூர் கப்பிட்டில் வெள்ளம் வடிந்ததா? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லங்காவியில் நான் நன்றாக இருக்கிறேன்.

பறக்கும் இருவாச்சிப் பறவையைப் படமெடுக்க, கேமராமேல் மாட்டும் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். துப்பாக்கியில் மாட்டுவதும் அதேதான் என்பதால் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். நானோ காட்டிலிருந்து நேராக, பறவைகள் மிரளாமலிருக்கப் போடும் பச்சைத் திட்டு உடையோடும் முகத்தில் பூசிய கரியோடும் போய் நின்றேன்!

"பொருள் இங்க இருக்கு. துப்பாக்கி எங்கம்மா?" என்றார் அதிகாரி சம்ரி.

"துப்பாக்கியா? கேமராதான் சார்."

"இந்தக் கோலத்துல வந்து சொன்னா யாரு நம்புவா? மாட்டிக் காட்டும்மா."

முற்றத்தில் மாட்டிக் கொடுத்தேன். அதன் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் மனிதர் குழந்தையாகிவிட்டார். அங்கே பறந்த தகைவிலான் குருவிகளின் பின்னாலேயே சுற்றிச் சுற்றி ஓடினார். "குடுங்க சார், நாங்களும் பாக்குறோம்!" என்று அலுவலகமே வரிசையில் நின்றது. பொருளை அன்றே கொடுத்துவிட்டார்கள்.

புளிக்கத்திரி வற்றல் கொஞ்சம் அனுப்புங்கள். ஒருத்திக்கு ஆகிற அளவு போதும். படகுக்கு நேரமாகிவிட்டது.

இதோடு இருப்பது அந்தச் சம்ரி எடுத்த படம். பறவை ஒன்றும் சிக்கவில்லை, நான்தான் சிக்கினேன். மெலிந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்பா. சிரிக்கிறேன், அதைப் பாருங்கள்.