டிக் என்ற சத்தம்

கோபக்காரிக்கு,

சேர்ந்து பொருத்தலாம் என்று நாம் பாகம் பாகமாக வாங்கிவைத்த கம்ப்யூட்டரை நேற்று தனியாகவே பொருத்தினேன். திரையில் பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"மெமரி ஸ்டிக்க நல்லா அமுக்குனீங்களா சார்? ரெண்டு பக்கமும் டிக்குன்னு சத்தம் வரணும்."

"உடைஞ்சிடுமோன்னு பயந்து லேசா வெச்சேங்க."

"பயந்தா எப்படி சார்?"

நீ அக்கா வீட்டுக்குப் பெட்டி கட்டிய அன்றும் இதே பயம்தான். "போகாதே" என்று சொல்ல வாய் வரவில்லை. "குடை எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

கட்டைவிரல் சிவக்க அமுக்கினேன். டிக். ஒரு மாதமாக இந்த வீட்டில் எனக்குப் பதில் சொன்ன முதல் சத்தம் அதுதான்.

திரை ஒளிர்ந்து பெயர் கேட்டது. உன் பெயரை அடித்தேன். பாஸ்வேர்டை நீதான் வந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடையை மட்டும் விசாரித்தவன்