முகப்பிலிருந்து உங்களை இறக்கிய காலை

ஏங்க,

காலையில் கோவில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கும் மணி இல்லை, விட்டு விட்டு ஒற்றையாக அடிக்கும் துக்க மணி. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். போனது யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இனி உங்கள் படத்தை எடுக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது.

நம் பங்குக் கோவிலின் இணையதளத்தில் முகப்பில் இன்னும் நீங்கள்தான் இருந்தீர்கள். முகப்பில் ஒரே ஒரு இறப்பு அறிவிப்புதான் நிற்கும். புதிதாக ஒருவர் போனால் முந்தையவர் 'இறந்தோர்' பக்கத்துக்குப் போய்விட வேண்டும். நீங்கள் வைத்த முறைதான் அது.

கொஞ்ச நேரத்தில் கோவிலிலிருந்து உபதேசியார் போன் செய்தார். "அம்மா, தறிக்கார வீதி பெரியம்மா போயிட்டாங்க. சாயங்காலம் அடக்கமுங்க. படம் அனுப்பியிருக்கறேன், போட்டு உட்டுருங்க." சற்றுத் தயங்கிவிட்டு, "நம்ம சார் படம் மேலயே இருக்கட்டும், இதைக் கீழ போட்டாலும் சரின்னு ஃபாதர் சொன்னாருங்க. உங்க இஷ்டமுங்க" என்றார்.

"போட்டுடறேன்" என்றேன். எங்கே என்று சொல்லவில்லை.

உங்கள் பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் இப்போது நம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. திறந்தால் முதலில் தெரிவது நீங்கள் போட்ட மெனு பட்டைதான். பூசை நேரம், ஓலை, அறிவிப்பு, இறந்தோர், தொடர்புக்கு. பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் அது மேலேயே நிற்கிறது.

முதலில் அது அப்படி இல்லையே. ஆட்டையாம்பட்டியிலிருந்து பூசைக்கு வருகிற அந்தத் தாத்தா, திருவிழா அறிவிப்பைப் படித்துக்கொண்டே கீழே போனவர், பூசை நேரம் எங்கே என்று தெரியாமல் தேடித் தேடி, கடைசியில் பூசை முடிந்த பிறகு வந்து நின்றார். "உள்ள போயிட்டா வெளிய வர வழியே தெரியலீங்க சார்" என்றார். அன்று மதியச் சோற்றை மறந்து நீங்கள் உட்கார்ந்தீர்கள். "கோவில் வேலைன்னா பசிக்காது, வீட்டு வேலைன்னா காது கேக்காது" என்று நான் சொன்னதும் காதில் விழவில்லை. "கீழ என்ன வேணா மாறட்டும். மேல இருக்கறது அசையக் கூடாது" என்று உங்களுக்கு நீங்களே பேசிக்கொண்டிருந்தீர்கள்.

பட்டை அசையாமல் நின்றது. அடுத்த ஞாயிறு கல்யாண ஓலையை ஏற்றினோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் வாசிக்கிற அதே ஓலைதான். ஏற்றிய கையோடு பெண்ணின் அப்பா போனில் கத்தினார். "ஏனுங்க, ஓலையில எம்புள்ள பேரு மட்டும் இருக்குது, மாப்பிள்ளை எங்கீங்க?" மாப்பிள்ளை முதல் வரியில், உங்கள் பட்டைக்கு அடியில் இருந்தார். நீங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரிப்பை அடக்க, நான் அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினேன். பிறகு, பட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு இடத்தைப் பக்கத்தின் தலையில் காலியாக விட வேண்டும் என்று எனக்கும் காட்டிக்கொடுத்தீர்கள்.

இன்று அந்தப் பெரியம்மாவின் படத்தை முகப்பில் வைத்தேன். உங்களைக் கீழேயும் விடவில்லை. அவர்கள் வீட்டில் இன்று போனை எடுத்துப் பார்க்கும்போது இரண்டு பேர் இருந்தால் நன்றாக இருக்காது. முறை என்றால் எல்லாருக்கும் முறைதான். கை தானாக வேலை செய்தது. அழுகை வரவில்லை. அழுதால் பாரம் குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எங்கே பாரம் என்றே தெரியவில்லை.

'இறந்தோர்' பக்கத்துக்கு உங்களை மாற்றிவிட்டுத் திறந்து பார்த்தால் உங்கள் படம் இருக்கிறது, பெயரைக் காணோம். அந்தப் பக்கத்தில் இதுவரை ஆட்களைச் சேர்த்தது நீங்கள். காலியாக விட்டிருந்த இடத்துக்கும் மேலே உங்களை நான் ஒட்டிவிட்டேன். உங்கள் பட்டைக்கு அடியிலேயே போய் மாட்டிக்கொண்டீர்கள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. உங்கள் மேல்தான் என்று நினைக்கிறேன். பெயரை இழுத்துக் கீழே கொண்டுவந்து, இடம் விட்டு, உங்கள் பழைய போனிலும் ஒருமுறை திறந்து பார்த்தேன். முழுப் பெயரும் தெரிந்தது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடக்கத்துக்குக் கிளம்பினேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது பெரியம்மாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல பாத்தனுங்க அக்கா. அம்மா படம் அம்சமா இருக்குது. அது எத்தன நாளைக்குங்க முன்னாடி இருக்கும்?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். இந்தப் பங்கிலேயே எனக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். "இருக்கும் சாமி. இப்போதைக்கு எடுக்க மாட்டோம்" என்றேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் முகப்பில் இருந்த நாளெல்லாம், செபமாலை முடிந்ததும் நம் பங்கில் யாரும் சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். யார் காதிலாவது விழுந்திருந்தால் எனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்திருப்பார்கள். இனி எனக்கு அந்த வேண்டுதல் தேவையில்லை. ஆனால் இன்றைக்கும் முழங்காலில் நின்று அதையேதான் கேட்டேன், அந்தப் பெண்ணுடைய அம்மாவுக்காக.