ஆவுளியா படம்

2025 ஜூன் 11
மஸ்கெலியாவில் விடாத மழை. கல்யாண வீடியோவை முடித்துக் கொடுத்துவிட்டு ஆவுளியா படத்தில் உட்கார்ந்தேன். மன்னார்க் கடலில் புல் மேய்கிற கடற்பசு அது. வலையில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். படம் எடுத்தது றமணன் அண்ணன், எடிட்டிங் நான்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாங்க. கறி வெட்டுகிற காட்சி வந்ததும் எழுந்துவிட்டாங்க. "என்னத்துக்குப் புள்ள இதெல்லாம் காட்டுறீங்க?"

முக்கியமான பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. பார்க்கிறவர்கள் எழுந்து போய்விட்டால் யாரிடம் சொல்வது? அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் தாயும் குட்டியும் மேலே வந்து மூச்சு விடுகின்றன. இசை வேண்டாம். அந்தப் 'புஸ்' சத்தம் போதும்.

ஜூன் 14
அந்தப் பேச்சு சூசைதாசன் என்ற மீனவருடையது. கமராவைப் பார்த்து அழுகிறார். "என்ர வலையிலதான் செத்தது. வயித்துக்குள்ள குட்டி. கறிய வித்துப்போட்டன்."

ஆவுளியாவைக் கொல்வது குற்றம். முகம் தெரிந்தால் பொலிஸ் பிடிக்கும். அதனால் குரலை மட்டும் வைத்து, வலை பின்னுகிற கைகளைக் காட்டினேன்.

றமணன் அண்ணன் போனில் கத்தினார். "முகம் இல்லாட்டி ஆர் நம்புவினம்?"

"அவரு ஜெயிலுக்குப் போனா, அவரு குடும்பத்த நீங்களா பாப்பீங்க?"

போனை வைத்துவிட்டார். நானா இப்படிப் பேசினேன்?

ஜூன் 15
போன் வரவில்லை.

ஜூன் 17
அண்ணன் பேசினார். சூசைதாசனைப் போய்ப் பார்த்தாராம். முகம் வந்துவிடுமோ என்று மனுஷன் சரியாகத் தூங்குவதே இல்லையாம். "நீ வெட்டின மாதிரியே இருக்கட்டும், தனுஜா."

ஜூலை 20
மன்னாரில் மீனவர் சங்க மண்டபத்தில் படம் போட்டார்கள். எனக்கு ஸ்டூடியோவில் லீவு கிடைக்கவில்லை. அண்ணன் போனில் சொன்னார்.

குரல் வந்த இடத்தில் ஒருவர் கத்தினாராம். "பொய்! ஆரோ நடிச்சிருக்கினம்."

அண்ணன் சொன்னதுதான் சரியா? நான்தான் கெடுத்துட்டேனா?

அப்போது சூசைதாசன் எழுந்து நின்றாராம். "நான்தான் அது."

கொஞ்சம் கழித்துப் பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "என்ர வலையிலயும் ஒருக்காப் பட்டது."

படத்தை மறந்துவிட்டு அவர்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். கடற்புல் உள்ள பக்கம் இனி வலை போடுவதில்லை என்று முடிவாம். பொலிஸுக்கு யாரும் போகவில்லை.

நவம்பர் 9
அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். சூசைதாசனின் மகள் படகிலிருந்து போனில் எடுத்தது. புல்லை விட்டுத் தள்ளிப் போட்டும், வலையில் ஒரு ஆவுளியா. உயிரோடு. சூசைதாசன் கத்தியால் தன் வலையை அறுக்கிறார். "கெதியா அப்பா, கெதியா!" என்று மகள் அவசரப்படுத்துகிறாள். வால் ஒருமுறை தண்ணீரை அடித்தது. போய்விட்டது. கிழிந்த வலையோடு உட்கார்ந்து அவர் கடலையே பார்க்கிறார்.

இதைப் படத்தின் கடைசியில் சேர்க்கச் சூசைதாசனே சொன்னாராம், முகத்தோடு. கமரா ஆடுகிறது, வெளிச்சமும் சரியில்லை. ஒன்றையும் வெட்டாமல் சேர்த்தேன்.