ஆர். கந்தசாமி

புதன், இரவு.

படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் ஆசிரியராக இருக்கும் அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பிய ஆர். கந்தசாமி இன்று தென்னூர் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். ‘டியர் சார்’ என்று நான் மெயில் எழுதியிருந்த அந்த ஆள் ஒரு பெண். பெயர் ரேவதி. கந்தசாமி அவருடைய அப்பா. கட்டுரையில் அப்பா பெயர் முழுசாக வந்து, இவர் பெயர் ஒற்றை எழுத்தாகிவிட்டது.

“மன்னிச்சிருங்க” என்றேன்.

“பரவாயில்லைங்க மேடம், பழகிப்போச்சு” என்று சிரித்தார்.

எனக்கும் ‘சார்’ என்றுதான் மெயில்கள் வரும். ஒவ்வொரு தடவையும் கத்தித் தீர்ப்பேன். அதே நான் எப்படி அப்படி எழுதினேன்?

வேலையாவது பார்ப்போம் என்று எழுந்து அடுத்த கட்டுரையைத் திறந்தேன். எஸ். முருகேசன். ஒரு வரி படிப்பதற்குள் என் மனம் அவருக்கு மீசை வரைந்துவிட்டது.