மேல் வீட்டுத் தண்ணீர்

ஜூன் 10, செவ்வாய்

பீரோவின் அடித்தட்டில் இருந்த பட்டுப்புடவையில் பூஞ்சை. குளியலறைச் சுவரை ஒட்டித்தான் பீரோ நிற்கிறது. பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். சுவர் சில்லென்று ஈரமாக இருக்கிறது, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. குளியலறைக்குள் போனால் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, சோப்பு நுரையோடு மெதுவாக இறங்குகிறது. மாமனார் காலத்துக் குளியலறை. குழாயெல்லாம் இரும்பு, திறந்தால் முதலில் துருதான் வருகிறது.

மாடியில் ரேகாவுக்கு இந்தத் தொல்லை ஏது? கொழுந்தனார் தமிழரசுவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவசர அவசரமாக மாடி எழுப்பினார்கள். படுக்கையறைக்கு உள்ளேயே குளியலறை, ஹீட்டர், தலைக்கு மேல் ஒரு ஷவர், கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஷவர். நான் இந்த மண்ணூர்பேட்டை வீட்டுக்கு மருமகளாக வந்தபோது குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் குளித்தவள் நான். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 12, வியாழன்

பிளம்பர் தேவராஜ் வந்தார். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போயிருந்தார், மாமியார் அத்தை தோள்வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும்தான். தேவராஜ் சுவரைத் தட்டினார், மாடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்து மறுபடியும் தட்டினார்.

"அக்கா, உங்க லைனு பழசுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா செவுரு நனையறது அதால இல்ல. மேல குளிக்கிற தண்ணி எறங்குற பைப்பு இந்த மூலைக்குள்ளதான் வருது. அதுல ஜாயின்ட் உட்டுகினு கீது. மேல நாலு கல்லப் பேத்து மாத்திட்டா முடிஞ்சுது."

"கீழே?"

"அடைப்பு எடுத்து உட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்."

பத்து வருடம்! அதாவது மறுபடியும் மாடிக்குத்தான் புதுக் கல், புதுக் குழாய். எனக்கு அடைப்பு எடுத்துவிடுவார்கள். அந்த நிமிடம் என் வயிறு எரிந்த எரிச்சலில் வாயிலிருந்து வந்துவிட்டது: "கீழே மொத்தத்தையும் உடைச்சுப் புதுசாக் கட்டிடலாம் தேவராஜ். மேல் விஷயத்தை அப்புறம் பார்ப்போம். நீங்க எதுவும் சொல்லிக்க வேண்டாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "பெரிய வேலைன்னா எனக்கு இன்னா, கசக்குமா?"

செய்தது தப்பா? குழாய் துருப்பிடித்தது உண்மைதானே. தண்ணீர் நிற்பதும் உண்மைதானே. நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

ஜூன் 13, வெள்ளி

அத்தைக்கு எண்ணெய்க் குளியல். வலது கையைத் தூக்க முடியாமல் போனதிலிருந்து அத்தைக்கு வெள்ளிக்கிழமை என்றால் நான்தான். சூடான எண்ணெய், சீயக்காய், முதுகுக்குப் பீர்க்கங்கூடு. குளித்துவிட்டு வந்ததும் நான் தலையைத் துவட்டிவிடும்போது சொக்கிப்போய், "உன் கைல தூக்கம் கீதுடி அனுசுயா" என்பார். ரேகாவுக்கு எத்தனை ஷவர் இருந்தால் என்ன, இந்த வார்த்தை அவளுக்கு வாய்க்காது. இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். தேவராஜ் பார்த்துவிட்டார், மொத்தத்தையும் மாற்ற வேண்டுமாம் என்று. இவர் வழக்கம்போல, "அப்படியா?" என்றார். கொழுந்தனார் தன் பங்கையும் தருவதாகச் சொன்னார். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் அத்தை.

ரேகா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வேலை முடியற வரைக்கும் எல்லாரும் மேல வந்து குளிங்க அக்கா. நம்ம வீடுதானே?"

நம்ம வீடு! பெருந்தன்மையைப் பாருங்கள். இதைத்தான் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

வானகரம் பக்கம் டைல்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினோம். ரேகாவின் அம்மா வீடு அங்கேதான், அதனால் வழிகாட்ட அவளும் கூட வந்தாள். நான் எதைத் தொட்டாலும், "இது வழுக்கும் அக்கா", "இதுல உப்புக்கறை தெரியும் அக்கா". அவள் சொன்னதெல்லாம் சரி, கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவளிடம் இல்லாதது எனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இரண்டு வாங்கினேன். ஒன்று, சுவரில் மாட்டும் ஸ்டீல் கைப்பிடி. இன்னொன்று, மடக்கி விரிக்கிற இருக்கை. அத்தை உட்கார்ந்தபடி குளிக்கலாம். கை ஷவரும் வாங்கினேன், அவளுடையதைவிட நீளமான குழாயோடு.

ஜூன் 25, புதன்

உடைத்தார்கள். வீடு முழுக்கச் செம்மண் தூசி. கொத்தனார் மாடிக் குழாய் இறங்கும் அந்த மூலையைக் காட்டி, "இத்தயும் ஒடைக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தேவராஜ் என் பக்கம் திரும்பாமல் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு திரும்பினால் அத்தையைக் காணோம். முட்டிவலி, படி ஏற முடியாது என்று மொட்டைமாடியில் வடாம் பிழியக்கூட வராதவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே மாடி ஏறிப் போயிருக்கிறார். ரேகாவுக்கு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அத்தைக்கு அவளே எண்ணெய் தேய்த்து, கை ஷவரில் தண்ணீர் விட்டு, ஏதோ வாசனை ஷாம்பூ போட்டு அலசியும் விட்டிருக்கிறாள். ஷாம்பூ! சீயக்காயைத் தவிர வேறெதையும் தலையில் வைக்காதவர்.

இறங்கி வந்தார். "மழத்தண்ணி மாதிரி ஊத்துதுடி. அந்தப் பொண்ணு கை பஞ்சு மாதிரி கீது."

என் கையைப் பார்த்துக்கொண்டேன். பஞ்சா? பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, இந்த வீட்டுக்கே உழைத்த கை எப்படிப் பஞ்சாக இருக்கும்? கிண்ணத்தில் இருந்த எண்ணெயை மறுபடியும் பாட்டிலில் ஊற்றி வைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

கொத்தனார் இன்றும் வரவில்லை. அத்தை இன்றும் மாடியில்.

ஜூலை 4, வெள்ளி

நானும் மாடியில்தான் குளிக்கிறேன், வேறு வழி? அவளுடைய சோப்பு, அவளுடைய கண்ணாடி, அவளுடைய பூப்போட்ட திரை. கதவைச் சாத்திக்கொண்டு ஷவரைத் திறந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதை நினைத்து நின்றபடியே அழுதேன். வெளியில் வந்தால், "ஏன் அக்கா கண்ணு செவந்திருக்கு?" என்றாள். ஷாம்பூ பட்டுவிட்டது என்றேன்.

அத்தை இப்போதெல்லாம் குளித்துவிட்டு அங்கேயே காப்பி குடிக்கிறார். இவர்கள் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ? கடைசியில் மூட்டை முடிச்சோடு மாடியிலேயே போய் இருந்துவிட்டால்? அப்புறம் எனக்கு இங்கே என்ன இருக்கிறது, புதுக் கல்லா?

ஜூலை 8, செவ்வாய்

இவர் பீரோவை நகர்த்திப் பார்த்துவிட்டார். "கீழே சொட்டுத் தண்ணிகூடப் புழங்கல. சுவர் எப்படி இன்னும் ஊறுது? முன்னைவிட மோசமா இருக்கே."

மோசமாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லோரும் மாடியில் அல்லவா குளிக்கிறார்கள்? "பழைய ஈரம். காய நாளாகும்" என்றேன். சட்டென்று நம்பிவிட்டார், பாவம். இவர் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

முடிந்தது. ஆடிக்கு முன்பே. இளநீலக் கல், பளிச்சென்ற குழாய், கைப்பிடி, இருக்கை. தண்ணீர் கீழே விழுந்த வேகத்தில் வடிந்துவிடுகிறது. ரேகா இறங்கி வந்து பார்த்தாள். "சூப்பரா இருக்கு அக்கா. எங்களுதைவிட நல்லா இருக்கு" என்றாள். அவள் முகத்தில் ஒரு துளியாவது பொறாமை தெரிகிறதா என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. எண்ணெயைச் சூடாக்கிப் புதுக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு, சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே காத்திருந்தேன். வருவார், வந்துதான் ஆக வேண்டும். யாருக்காக இந்த இருக்கை?

அத்தை என்னைக் கடந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, படியேறிப் போய்விட்டார்.

எனக்கு எழுதவே வரவில்லை. இதுக்கா இவ்வளவு பொய் சொன்னேன்? இதுக்கா?

ஜூலை 23, புதன்

எல்லாம் வெளியில் வந்துவிட்டது.

புதுச் சுவரில், அதே மூலையில், ஈரம். இரண்டு கற்களின் இடுக்கில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து நின்றது. இவருக்கு வந்த கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. தேவராஜைப் போனில் கூப்பிட்டுச் சத்தம் போட, அவர் ஓடி வந்தார். கொழுந்தனாரும் ரேகாவும் இறங்கி வந்தார்கள். வேலையே சரியில்லை என்று இவர் கத்த, தேவராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சார், என் வேலைய சொல்லாதீங்க. மேல லைனுதான் ஒழுவுதுன்னு அன்னிக்கே சொன்னேன். அக்காதான் மொதல்ல கீழ ஒடைக்கலாம்னாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரேகாவின் முகத்தில் மெல்ல மெல்ல ஒன்று புரிந்துகொண்டு வந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அப்போது பின்னாலிருந்து அத்தையின் குரல். "என்னாண்டயும்தான் சொன்னான். ஒரே நேரத்துல ரெண்டையும் ஒடைச்சா தெருவுலயா குளிக்கிறது? நாந்தான் கீழ மொதல்ல முடின்னேன். இப்ப இன்னா அதுக்கு? ஆளாளுக்கு அவள மொறைச்சிகினு நிக்கிறீங்க?"

தேவராஜ் தலையைச் சொறிந்துகொண்டே மாடிக் குழாயைப் பார்க்கப் போனார். அன்றைக்கு அத்தை வீட்டிலேயே இல்லை. அது தேவராஜுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

மத்தியானம் அத்தைக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, உன்ன உட்டுக் குடுப்பேனா? இத்தினி வருசத்துல எனக்கு இது வோணும்னு வாயத் தொறந்து கேட்டிருக்கியாடி நீ? அவ கேக்கறா, வாங்கிக்கிறா. நீ உள்ளயே பொகைஞ்சிகினு கீற."

நான் விடவில்லை. "அப்புறம் ஏன் குளிக்க மேலயே போறீங்க?"

"அவ கூப்புடறா, போறேன். நீ கூப்ட்டியா?"

எண்ணெயைச் சூடாக்கி வாசலிலேயே வைத்திருந்தேனே? அது கூப்பிடுவது இல்லையா? இல்லையாம். ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

ஜூலை 28, திங்கள்

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கத்தான் கூடாது, ரிப்பேருக்கு என்ன என்று அத்தை தீர்ப்புச் சொல்ல, மாடியில் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். தேவராஜ் சொன்ன அதே இடத்தில், அதே ஜாயின்ட். இப்போது ரேகா பக்கெட்டும் துண்டுமாக இறங்கி வந்து என் குளியலறை வாசலில் நிற்கிறாள். முதல் நாள் எனக்கு உச்சி குளிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் அவள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அத்தை சொன்னதை நம்பிவிட்டாளா? நம்பாமலே விட்டுவிட்டாளா? அப்படி விட்டிருந்தால் அதிலும் அவள்தான் ஜெயித்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று கூப்பிட்டேன். வாயைத் திறந்து, சத்தமாக. "அத்தை, குளிக்க வாங்க." வந்தார். எண்ணெய் தேய்த்தேன். ஆனால் மாடி உடைந்து கிடக்கும்போது வந்தது கணக்கில் சேருமா? மாடி சரியான பிறகு பார்ப்போம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாடி வேலை நேற்றே முடிந்துவிட்டது. இன்று சுதந்திர தினம், எல்லோருக்கும் லீவு. தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.

நான் எண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அதே நேரம் ரேகாவும் ஒரு கிண்ணத்தில் எண்ணெயோடு மாடியிலிருந்து இறங்கினாள். "அத்தை, குளிக்க வாங்க" என்று இருவரும் ஒரே குரலாகக் கூப்பிட்டோம். பரீட்சை முடிவு பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.

அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்தார். என் கிண்ணத்தில் இடது கையை முக்கி உச்சியில் வைத்தார். அவள் கிண்ணத்திலும் முக்கி வைத்தார். பிறகு புதுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"அத்தை! கை தூக்க முடியாதே உங்களுக்கு!"

"ஒக்கார எடம் கீது, புடிச்சிக்க கம்பி கீது, ஷவர இந்தக் கைலயே புடிச்சிக்கலாம். போங்கடி ரெண்டு பேரும்."

நாங்கள் போகவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றால் ரேகா பதறி, "அத்தை?" என்றாள். மறுபடி நின்றால் நான் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை உள்ளேயிருந்து அத்தை கத்தினார்.

"கை உழுந்த நாளா அடுத்தவ கண்ணெதிர்ல அவுத்துப் போட்டுகினு கூசிக் கூசி ஒக்காந்து கீறேன். இன்னிக்கு ஒரு நாளு என்ன நிம்மதியா குளிக்க உடுங்கடி!"

கூசிக் கூசியா? என் கையில் தூக்கம் இருக்கிறது என்றாரே? ஒரு வெள்ளிக்கிழமைகூட எனக்கு அது தெரியவில்லையே. ரேகாவைப் பார்த்தேன். அவள் முகமும் தொங்கிப்போயிருந்தது.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு எவ்வளவு நேரம்தான் நிற்பது? ரேகா தன் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். "வீணாப் போகுது அக்கா. எனக்காவது வெச்சு விடுங்க" என்று கொண்டையை அவிழ்த்தாள்.

முடி இடுப்புக்குக் கீழே இறங்குகிறது, என்ன அடர்த்தி! பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன்.